இரண்டு கைகள் உள்ள கைகாட்டி

படத்தின் பின்புறம் பென்சிலில் பிரெஞ்சு:
ரோஸ் ஹில். மிஸ்யே லகூத்ரே, அவர் நாய் தம்பூர்.
ஆண்டு இல்லை.
நாயின் பெயரை மறக்காதவன்
ஆண்டை மறந்திருக்கிறான்.

சர்க்கரை ஆலைக் கணக்கேட்டில்
இரண்டு பக்கங்களுக்கு நடுவே கிடந்தது.
ஒரு நடைமேடை, ஒரு வேகன், தொப்பிக்காரர், நாய்,
கம்பத்தின் உச்சியில் கைகாட்டி,
எல்லாவற்றுக்கும் பின்னால் கோர் தெ கார்த் மலை.

"தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்"
என்றான் தெசிரே.
"இங்கிலீஷ்காரன் போட்ட பாதையில்
வண்டி ஓட்டுகிறவனுக்குக்
கை கம்பத்தின் இடப்பக்கம்தான் நீளும்.
இதில் பார், வலப்பக்கம்."

நியாயம்தான்.
கோட்டுப் பொத்தானைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமென்றால்
மிஸ்யே மார்பின்மேல் கைகட்டி நிற்கிறார்.
எழுத்து ஒன்றாவது இருந்தால் சொல்லிவிடலாம்.
இருப்பதோ வேகனின் நெற்றியில் ஓர் எண்:
8.
எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டு.
எட்டு சனியின் எண் என்பார் என் மாமியார்.
அன்றைக்கு மட்டும் நம்பினேன்.

ஆனால் மலை இருக்கிறதே.
தைப்பூசத்துக்கு ஏழு தடவை
காவடியோடு ஏறிய மலை.
அதன் தோள் எந்தப் பக்கம் சரியும் என்று
என் முழங்கால்களைக் கேட்டால் சொல்லும்.
மலை திரும்பவில்லை.
ரோஸ் ஹில்லிலிருந்து பார்த்த மலையும் இல்லை இது,
காத்ர் போர்னிலிருந்து பார்த்தது.

பென்சில் பொய், தகடு உண்மை.
அப்படியானால் கை?

பூதக்கண்ணாடியை வைத்தேன்.
சிவப்பு கருத்து விழுந்திருக்க வேண்டிய இடத்தில்
வெளுப்பு,
அதன் குறுக்கே ஒரு கரிய பட்டை.
தெசிரே சிரித்துவிட்டான்.
ஒரு வாரமாக
கைகாட்டியின் முதுகோடு வாதாடியிருக்கிறோம்.

சனிக்கிழமை மெட்ரோவில் போய் இறங்கினேன்.
பையில் படத்தின் நகல், இரண்டு தால் பூரி.
மலையின் நெற்றி படத்தில் இருக்கிற உயரத்துக்கு வரும்வரை
பின்னால் பின்னால் நடந்தேன்.
டயர்க் கடையின் பின்சுவர், கார்கள் நிறுத்துமிடம்,
பதினாலாம் கட்டம். ஒரு வெள்ளை நிஸ்ஸான்.
காவலாளி வந்தார்: "என்ன தேடுகிறீர்கள், மதாம்?"
ஸ்டேஷன் என்றேன்.
ஸ்டேஷன் அந்தப் பக்கம், இப்போதுதானே இறங்கினீர்கள் என்றார்.

திங்கட்கிழமை அட்டை எழுத உட்கார்ந்தபோதுதான்
அது கண்ணில் பட்டது.
கம்பத்தில் ஒரு கை இல்லை, இரண்டு.
ஒன்று தாழ்ந்து, அழுத்தமாக.
இன்னொன்று கிடையாக நீண்டு,
பாலில் விழுந்த நீர் போல மெலிந்து, மலை தெரிய.

லென்ஸ் திறந்திருந்த அந்த நொடியில்
கை இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கம்பத்தின் அடியிலிருந்து ஒரு கம்பி
சின்னச் சின்ன உருளைகள்மேல் ஊர்ந்து
மிஸ்யேயின் பூட்ஸைத் தாண்டி
படத்தின் விளிம்புக்கு வெளியே போகிறது.
அங்கே யாரோ நெம்புகோலை இழுத்திருக்கிறார்கள்,
உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து.

சம்பளப் பட்டியல் ஒன்று மிஞ்சியிருக்கிறது.
குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள்:
கிர்ப்பேன், சங்கிலி, வீரபத்ரேன்.
மூன்று பேருக்கும் ஒரே ஸ்டேஷன், முறை மாற்றி வேலை.
கம்பத்தின் நிழல் பிற்பகல் என்கிறது.
பிற்பகல் யாருடையது என்று பட்டியல் சொல்லவில்லை.

"நபர்கள்: ஒருவர்" என்று தட்டினான் தெசிரே.
இரண்டு என்றேன்.
"எங்கே?"
மெலிந்த கையின்மேல் விரலை வைத்தேன்.
அவன் வெகுநேரம் குனிந்து பார்த்தான்.
பிறகு அவன் காட்டியதை நான் பார்த்தேன்:
தம்பூருக்கு வால் இல்லை,
வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை.
முகம் எஜமானின் பக்கம் இல்லை.
கம்பி போன திசையைப் பார்த்து
நாய் வாலாட்டிக்கொண்டிருக்கிறது.